பித்தளையில் பொறித்த ஊர்ப்பெயர்

முதல் உலகப் போரில் (1914–1918) சிப்பாய்கள் போர்க் கழிவிலிருந்து கையால் செய்த பூச்சாடி, மோதிரம், சிகரெட் லைட்டர் முதலியவை 'பதுங்குகுழிக் கைவினை' எனப்படுகின்றன. பிரெஞ்சுக்காரர்களின் 75 மி.மீ. பீரங்கிக் குண்டுக்குப் பித்தளை உறை உண்டு. உயரம் சுமார் 35 செ.மீ. சுட்டதும் உறை காலியாக வெளியே விழும். பூச்சாடிக்கு அந்த அளவு கச்சிதம்.

காரைக்கால் வட்டாரத்துக்கு இந்தப் போர் அந்நியமல்ல. காரைக்காலும் அதையடுத்த தருமபுரமும் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. பிரெஞ்சுப் படையில் இருந்தவரை ஊரார் இன்றும் 'சொல்தா' என்கிறார்கள். சிப்பாய்க்கான பிரெஞ்சுச் சொல்தான் அது. பிரெஞ்சு இந்தியாவிலிருந்து போய் அந்தப் போரில் மடிந்தவர்களுக்குப் புதுச்சேரிக் கடற்கரையில் 1938-இல் நினைவுச் சின்னம் எழுந்தது.

சாடி செய்ய, உறையை முதலில் மங்கிய சிவப்பாகக் காய்ச்சி ஆறவிட வேண்டும். பித்தளை இளகிப் பதமாகும். பிறகு உள்ளே கீலோ ஈயமோ உருக்கி ஊற்றுவார்கள். வெறுங்கூட்டில் அடித்தால் நசுங்கிவிடும். தஞ்சாவூர்த் தட்டுக்காரர் தகட்டுக்கு அடியில் மெழுகும் அரக்கும் கொடுப்பதற்கும் இதுவே காரணம். மேலே இலையின் கோடு வரைந்து, முனை மழுக்கிய ஆணியால் கோட்டைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத் தட்டினால் தரை தாழ்ந்து இலை எழும்பி நிற்கும். அடிக்க அடிக்கப் பித்தளை இறுகும். நடுவே மறுபடி காய்ச்சாவிட்டால் விரிசல்தான்.

இவ்வளவு நெருப்பும் சத்தமும் எதிரிக்கு எதிரே நடக்காது. பெரும்பாலும் பின்னணிப் பட்டறைகளிலும் மருத்துவமனைகளிலும் கைதி முகாம்களிலும் செய்தவை இவை. மோதிரம் அப்படியல்ல. ஜெர்மன் குண்டின் முனையில் இருந்த அலுமினியத்தைத் தகர டப்பாவில் உருக்கி வார்த்து, பேனாக்கத்தியால் சீவினால் போதும், குழியிலேயே முடியும்.

சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதும் கடிதத்துக்கோ கெடுபிடி அதிகம். பிரிட்டிஷ் படை கொடுத்த அச்சடித்த அட்டையில் 'நலம்', 'மருத்துவமனையில் சேர்ந்துள்ளேன்' என்பன போன்ற வரிகள் இருக்கும். பொருந்தாததை அடித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். கூட ஒரு சொல் எழுதினாலும் அட்டை அழிக்கப்படும். 1914 செப்டம்பரில் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கிய இந்தியச் சிப்பாய்களில் பலர் எழுத்தறியாதவர்கள். தெரிந்தவரிடம் சொல்லி எழுதினார்கள். தணிக்கை அதிகாரிகள் கடிதங்களைப் படிப்பது தெரிந்ததும் பேச்சு சமையலறைக்குப் போனது: இந்தியச் சிப்பாய் மிளகு, வெள்ளைக்காரர் மிளகாய். மிளகு தீர்ந்துவருகிறது என்றால் நம்மவர் மடிகிறார்கள் என்று பொருள். அதிகாரிகளுக்கும் இது சீக்கிரமே புரிந்துபோனது.

எந்த இடத்தில் இருக்கிறோம் என்று கடிதத்தில் எழுதக் கூடாது. பித்தளைக்கு அந்தத் தடை இருக்கவில்லை போலும். 'வெர்தூன் 1916' என்று போர்க்கள ஊரும் ஆண்டும் பொறித்த சாடிகள் ஏராளம். ஆனால் போருக்குப் பிறகு சுற்றுலா வந்தவர்களுக்கு விற்கச் செய்தவையும் அவற்றில் கலந்திருக்கின்றன. அதனால் சாடியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். உறையின் அடியில் ஆலை முத்திரையோடு தயாரித்த ஆண்டும் இருக்கும். மேலே 1915 என்றும் அடியில் 1917 என்றும் இருந்தால், அந்த எழுத்து பின்னால் பொறித்தது.