வரட்சியைத் தாங்கும் சோயா: எதைத் தாங்கும்? எத்தனை நாள் தாங்கும்?

கொக்குவிலில் ஒரு தோட்டக் கரையில் நின்று நாம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் கேட்டார்: "சுவாமி, தண்ணி கேளாத சோயா விதை ஒண்டு வந்திருக்காம். மெய்யே?"

1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறிய குடும்பம் அவருடையது. அங்கே சொந்தத் தோட்டமும் சொந்தக் கிணறும் இருந்தன. இங்கே நாலு பரப்புக் காணி குத்தகைக்கு. கிணறு காணிக்காரருடையது. அவருடைய இறைப்பு முடிந்த பின்னரே இவர்களுக்கு முறை வரும். மெஷினுக்கு எண்ணெய் ஊற்றுவதும் இவர்கள் பொறுப்பு. இப்படிப்பட்ட குடும்பத்துக்குத் தண்ணீர் கேளாத விதை என்றால் அது பெரிய ஆறுதல். ஆனால் பொய்யான ஆறுதலை நம்பி விதைத்தால் குத்தகைக் காசும் போய்விடும். ஆகவே அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை தேடுவது எமது கடமையாகிறது.

சோயாவில் நூற்றுக்கு 40 பங்கு அளவில் புரதமும் 20 பங்கு அளவில் எண்ணெயும் உண்டு. எமது தாய்மாரும் பிள்ளைகளும் கிளினிக்கில் பெறும் திரிபோஷாவில் சோளத்தோடு சேர்ந்திருப்பது இதுவே. இலங்கையில் அனுராதபுரப் பகுதியிலும் மகாவலி எச் வலயத்திலும் சிறுபோகத்தில் இது செய்கை பண்ணப்பட்டு வந்திருக்கிறது. பிபி 1, எம்ஐஎஸ்பி 1 ஆகியவை எமது நாட்டில் அறியப்பட்ட இனங்கள். யாழ்ப்பாணத்தில் இது ஒருபோதும் பெரும் பயிராக இருந்ததில்லை. எனவே எமது மண்ணில் இது என்ன செய்யும் என்பதை நாமே சிறிய அளவில் பார்த்தறிய வேண்டியிருக்கிறது.

மூன்று வகைத் தாங்குதிறன்

"வரட்சியைத் தாங்கும் இனம்" என்று சொல்லப்படுபவை எல்லாம் ஒரே விதமாகத் தாங்குவதில்லை.

முதலாவது வகை, வரட்சி வருமுன்னரே விளைந்து தப்பிவிடும் இனம். இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் பரவிய ஜேஎஸ் 95-60 என்ற இனம் ஏறக்குறைய 85 நாளில் முற்றிவிடும். அங்கு முன்னர் பரவலாக இருந்த ஜேஎஸ் 335 இனத்துக்கு அதைவிட ஒன்று, ஒன்றரைக் கிழமை கூடுதலாகத் தேவை. மழை முந்தி நின்றுவிடும் வருடங்களில் அந்த ஒரு கிழமைதான் விளைச்சலைக் காப்பாற்றும். இந்த வகையைத் தாங்குகிறது என்பதிலும் தப்பி ஓடுகிறது என்பதே பொருந்தும்.

இரண்டாவது வகை, மெதுவாக வாடும் இனம். அமெரிக்காவின் வட கரோலினாவில் தோமஸ் காட்டர் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும், மற்றவை வாடி விழுந்த நேரத்திலும் இலை விரித்து நின்ற ஒரு யப்பானிய வர்க்கத்தை 1980களில் கவனித்தனர். பிஐ 416937 என்பது அதன் பதிவிலக்கம். உச்சி வெயிலில் காற்று மிக உலரும்போது இது தன் இலைத்துளைகளை ஒடுக்கிக்கொள்கிறது. அதனால் மண்ணில் மிஞ்சும் ஈரத்தைப் பின்னர் காய் முற்றுங் காலத்தில் குடிக்கிறது. சிக்கனமான இல்லத்தரசி அரிசியை அளந்து போடுவது போன்றது இது. ஆனால் சிக்கனத்துக்கும் ஒரு விலை உண்டு. நல்ல மழை பெய்த வருடத்தில் இத்தகைய பயிர் தாராளமாகக் குடித்து வளரும் பயிரிலும் குறைவாகக் காய்க்கக்கூடும்.

மூன்றாவது வகை கண்ணுக்குத் தெரியாதது. சோயாவின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்குப் பசளையாக்கிக் கொடுக்கின்றன. மண் காயத் தொடங்கினால் இலை வாடுமுன்னரே இந்த வேலை தடைப்படுகிறது. இலை பச்சையாக நிற்கும், வேர் பட்டினி கிடக்கும். ஜக்சன் என்ற அமெரிக்க இனத்தில் காய்ந்த மண்ணிலும் இந்த வேலை கூடுதலான நாட்களுக்குத் தொடர்வதாக ஆய்வாளர்கள் கண்டனர். அந்தக் குணத்தை வேறு இனங்களுக்கும் கொண்டுவர முயன்றுள்ளனர்.

இவற்றைவிட, ஆர்ஜென்ரீனாவில் ராகெல் சான் என்ற பெண் விஞ்ஞானியின் குழு சூரியகாந்தியின் ஒரு மரபணுவைச் சோயாவுக்குள் புகுத்தி எச்பி4 என்ற சோயாவை உருவாக்கியது. 2015இல் அந்நாடும் 2022இல் சீனாவும் அதற்கு அனுமதி அளித்தன. பத்திரிகைகளில் "வரட்சிச் சோயா" என்று வந்த செய்திகள் பலவும் இதைப் பற்றியவையே. அது எமது கமக்காரர் கடையில் வாங்கக்கூடிய விதை அன்று.

இவற்றுள் எந்த இனமும் தண்ணீர் இல்லாமல் விளைவதில்லை. தண்ணீர் தட்டுப்படும் நாட்களைச் சற்றுக் கூடத் தாங்கும், அவ்வளவே.

எந்த நாளில் தண்ணீர்?

இரண்டு முறை மட்டுமே இறைக்கக் கிடைக்கும் குடும்பம் அதை எப்போது செலவிடுவது? இனத்தைத் தெரிவதைவிட முக்கியமான கேள்வி இது.

முளைக்கும்போது சோயா விதை தன் எடையில் பாதியளவு தண்ணீரை உறிஞ்ச வேண்டும். அரைகுறை ஈரத்தில் விதைத்தால் விதை ஊறி, முளைக்காமல் அழுகும். முளைத்த பின்னர் பூக்கும் வரையுள்ள ஐந்தாறு கிழமையில் பயிர் சிறிது வாடினாலும் பெரும்பாலும் எழும்பிவிடும். பூத்த நாளிலிருந்து காய்க்குள் விதை திரளும் வரையுள்ள காலமே ஆபத்தானது. அப்போது ஈரம் இல்லையென்றால் பூவும் பிஞ்சும் உதிரும், நின்ற காயும் சப்பையாகும். பின்னர் எவ்வளவு இறைத்தாலும் உதிர்ந்த பிஞ்சு திரும்பி வராது.

நாலு பரப்புக்கு ஒரு அங்குலத் தண்ணீர் இறைப்பதென்றால் ஏறக்குறைய 25,000 லீற்றர் வேண்டும். இவ்வளவு தண்ணீரை இளம் பயிரின் பச்சையைப் பார்த்து மகிழ்வதற்காகச் செலவழித்துவிட்டு, காய் திரளும்போது வெறுங்கையோடு நிற்கலாகாது.

எமது குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்பதையே நாம் அள்ளுகிறோம். ஆகவே கடும் மழை ஓயும் கார்த்திகைக் கடைசியில், நீர் தேங்காத மேட்டுப் பாத்தியில் விதைத்தால், தையில் பூத்து மாசியில் காய் திரளும். அப்போது கிணறுகளில் நீர் மட்டமும் உயர்ந்திருக்கும், அறுவடையும் வெயிலில் அமையும். சோளகம் வீசும் மாதங்களில், சொந்தக் கிணறு இல்லாதவர்கள் எந்த இனத்தை நம்பியும் சோயா விதைக்க வேண்டாம் என்பதே எமது கருத்து.

யூரியா வேண்டாம்

சோயா முன்னர் விளையாத மண்ணில் அதற்குரிய நுண்ணுயிர் போதியளவு இராது. விதைக்குமுன் நுண்ணுயிர் ஊட்டத்தை நிழலில் வைத்து விதையோடு பிசைந்து, அன்றே விதைக்க வேண்டும். கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் விஞ்ஞானிகள் சோயாவுக்கான இத்தகைய ஊட்டத்தைக் கமக்காரரிடம் கொண்டு சென்றுள்ளனர். கிடைக்குமிடத்தை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம். யூரியாவை அள்ளிப் போட்டால் வேர் முடிச்சு உருவாகாது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டத்தில் கூடுதலாகப் போடும் பசளை கடைசியில் எமது பிள்ளைகளின் குடிதண்ணீரில் சேர்கிறது.

விதையைக் கைவிடாதீர்கள்

ஒவ்வொரு இடப்பெயர்வும் எம்மிடமிருந்து பறித்த பொருட்களில் விதையும் ஒன்று. சோயா தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. ஆகவே நல்ல இனம் ஒன்று ஒருமுறை கைக்கு வந்தால் ஒவ்வொரு வருடமும் கடையை நாட வேண்டியதில்லை. ஆனால் அதன் விதை எமது வெக்கையில் விரைவாக உயிர் இழக்கும். காய்களை மெதுவாக அடித்தெடுங்கள், மெல்லிய தோல் வெடித்தால் முளைக்காது. காலை வெயிலில் நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத பாத்திரத்தில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். விதைக்குமுன் நூறு விதையை ஈரச் சாக்கில் சுற்றிப் பாருங்கள். எண்பது முளைத்தால் நல்லது. பாதிதான் முளைத்தால் அதை நம்பிக் காணியைக் கொத்த வேண்டாம்.

அந்தத் தாய்க்கு நாம் சொன்னது இதுதான்: "அம்மா, தண்ணி கேளாத விதை இல்லை. குறைவாக் கேக்கிற விதை இருக்கு. அது கேக்கிற நேரம் கொடுக்க வேணும். முதல் வருசம் ஒரு பரப்பில மட்டும் போட்டுப் பாருங்கோ. வாங்க ஆள் இருக்கோ எண்டும் விதைக்க முதலே விசாரியுங்கோ."

அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப பூக்கிற கிழமை இறைப்பு முறையை மாத்தித் தரச் சொல்லிக் காணிக்காரரை இப்பவே கேக்கட்டோ?"

ஒரே கிணற்றில் அள்ளுகிற குடும்பங்கள் விதைக்குமுன் கூடி இருந்து பேச வேண்டியதும் அதுவே. யாருடைய பயிர் எந்தக் கிழமை பூக்கும் என்பதை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, அந்தக் கிழமை அவர்களுக்கு முறையை விட்டுக்கொடுங்கள்.