பனியில்லா மலைகளும் காவிரியும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர்தான். ஆயினும் அதன் உச்சியிலிருந்து வடக்கே நோக்கினால் காவிரி, அதற்கப்பால் திருவரங்கத் தீவு, அதற்கும் அப்பால் கொள்ளிடம் என மூன்றும் அடுத்தடுத்துப் புலப்படும். புலப்படாதது அந்நீரை அனுப்பும் மலை. குடகு நாட்டுப் பிரம்மகிரியில் தோன்றும் காவிரிக்கு அரபிக்கடல் மிக அருகில் உள்ளது. அதை விடுத்துக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நடந்து வங்கக்கடலை அடைகிறது. ஏன்?

விடை மேற்குத் தொடர்ச்சி மலையின் பிறப்பில் இருக்கிறது. ஐரோப்பிய மலைகளோடு ஒப்பிட்டால் அது எளிதில் விளங்கும்.

ஆல்ப்ஸ் மலை நிலத்தட்டுகளின் மோதலால் மடிந்து எழுந்தது. பிரான்சு முதல் சுலோவேனியா வரை 1,200 கிலோமீட்டர் வில்லாக வளைந்து கிடக்கிறது. அதன் மோன் பிளாங்க் சிகரம் 4,800 மீட்டரைக் கடந்தது. அந்தலுஸின் வடக்குச் சுவராக நின்ற பிரனீசும் அவ்வாறே மடிந்த மலைதான். கணவாய்களை எண்ணி அரபு நூலோர் அதனை ‘ஜிபாலுல் புர்தாத்’ என்றனர். கார்ப்பாத்தியம் 1,500 கிலோமீட்டர் நீண்டாலும் அதன் உச்சி 2,655 மீட்டரே. நம் ஆனைமுடி அதனினும் 40 மீட்டர் உயர்ந்தது.

நம் மலையோ மடிப்பு மலையன்று. பழைய கோண்டுவானா நிலம் பிளந்து மடகாஸ்கர் விலகியபோது எஞ்சிய கண்டத்தின் விளிம்பே அது. எனவே மேற்கே செங்குத்தாக இறங்கிக் கிழக்கே மெல்லச் சரிகிறது. ஐரோப்பாவில் இதற்கு உறவு தேடினால் ஆல்ப்சிடம் அல்ல, ஸ்காண்டிநேவிய மலைகளிடம் செல்லவேண்டும். அங்கும் அட்லாண்டிக் பக்கம் செங்குத்து. சுவீடன் பக்கம் சரிவு. சுவீடனின் ஆறுகளும் காவிரியைப் போலவே நெடுந்தொலைவு கிழக்கு நோக்கி ஓடுகின்றன.

அச்சரிவில் நீரோடு மண்ணும் இறங்கியது. மலையருகே பெருங்கற்கள், தொலைவில் சிறு கற்கள், முகத்துவாரத்தில் மணல் எனக் கண்ட அல்-பீரூனி (973–1048), வட இந்தியச் சமவெளி ஆற்று வண்டலால் தூர்ந்த பழைய கடல் என்று தம் ‘கிதாபுல் ஹிந்த்’ நூலில் முடிவு கட்டினார். திருவரங்கத்தின் மணலையும் அதே கண்ணோடு நோக்கலாம்.

ஆனால் ஸ்காண்டிநேவியாவுக்கும் ஆல்ப்சுக்கும் உள்ள ஒரு செல்வம் நம் மலைக்கு இல்லை: பனி. ரைன், ரோன், போ ஆகிய ஆறுகளுக்கு ஆல்ப்சின் பனி கோடையில் உருகி நீர் தருகிறது. காவிரிக்கு அத்தகைய வைப்புநிதி கிடையாது. தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் நீலகிரியிலும் பொழிந்தால்தான் காவிரியும் கபினியும் பவானியும் பெருகும். மழை மறைவிலுள்ள திருச்சி வெயிலில் காயும் ஆடி மாதத்தில் ஆறு நிறைவது இதனாலேயே. பனியின் வேலையை ஓரளவேனும் செய்பவை மலையுச்சிச் சோலைகளும் புல்வெளிகளும். நீலகிரியில் அப்புல்வெளிகளைத் தைலமரமும் தேயிலையும் பெரிதும் விழுங்கிவிட்டன. அணைகள் இவ்விழப்பை முழுதும் ஈடுசெய்யும் என்று நாம் கருதவில்லை. ஆல்ப்சின் இருப்பும் கரைகிறது: 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தம் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன.

தேக்க ஆளில்லாத மழை எவ்வாறு வந்து சேரும் என்பதைத் திருச்சி கண்டதுண்டு. 2018 ஆகஸ்டில் குடகில் பெருமழையால் மலைகள் சரிந்தன. காவிரியினும் தாழ்ந்த படுகையுடைய கொள்ளிடத்துள் நீர் முழுதும் பாய்ந்துவிடாமல் தடுக்க, ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணை கட்டியிருந்தார். அம்மாதம் 22ஆம் நாள் அதன் 45 மதகுகளில் ஒன்பதை வெள்ளம் கொண்டுபோயிற்று. பின்னர் அங்கே புதிய கதவணை எழுந்தது.