கரண்டியில் டயட்டம் மண்: ‘உணவுத் தரம்’ எதற்குச் சான்று?

டயட்டம் என்பது கடலிலும் ஏரியிலும் வாழும் ஒருசெல் பாசி. கண்ணுக்குப் புலப்படாத இந்த உயிர், நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவைப் பிரித்தெடுத்து, அடியும் மூடியுமாகப் பொருந்தும் சிமிழைப் போன்ற ஓர் ஓட்டைத் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறது. அந்த ஓட்டின் சுவரெங்கும் நுண்துளைகள் வரிசை வரிசையாக அமைந்திருக்கும். பாசி மடிந்தபின் உடல் அழுகிப்போக, ஓடுகள் மட்டும் நீரடியில் படிந்து, பல லட்சம் ஆண்டுகளில் அடுக்கடுக்காகத் திரண்டு, எடை குறைந்த, விரலால் நசுக்கினாலே உதிரக்கூடிய வெளிறிய பாறையாக மாறுகின்றன. இப்பாறையை வெட்டியெடுத்து உலர்த்தி அரைத்தால் கிடைக்கும் மாவே டயட்டம் மண். இதில் பெரும்பகுதி, அதாவது ஏறத்தாழ 80 முதல் 90 விழுக்காடு வரை, சிலிக்கா. எஞ்சியது அலுமினிய, இரும்புச் சேர்மங்களும், வெட்டியெடுத்த இடத்தைப் பொறுத்துச் சிறிதளவு ஈயம், ஆர்செனிக் போன்ற உலோகக் கலப்புகளும் ஆகும்.

துளைகள் நிறைந்திருப்பதால் இந்த மாவு திரவங்களை வெகுவாக உறிஞ்சும். தொட்டால் வெடிக்கும் நைட்ரோகிளிசரினை இதில் ஊறவைத்துத்தான் ஆல்ஃபிரட் நோபல் 1867-இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் பீர், ஒயின், சர்க்கரைப் பாகு போன்றவற்றைத் தெளிவாக்க இது வடிகட்டியாகப் பயன்படுகிறது. கால்நடைத் தீவனம் கட்டி பிடிக்காமலிருக்க இதை 2 விழுக்காடு வரை கலக்க அமெரிக்க விதிகள் இடமளிக்கின்றன. எறும்பு, கரப்பான், தானிய வண்டு ஆகியவற்றை ஒழிக்கும் பொடியாகவும் விற்கப்படுகிறது. இவற்றோடு நில்லாமல், குடற்புழுக்களைக் கொல்லும், உடலின் நச்சை உறிஞ்சி வெளியேற்றும், கொலஸ்ட்ராலைக் குறைக்கும், முடியையும் நகத்தையும் வளர்க்கும் என்ற விளம்பரங்களுடன், தண்ணீரில் கலக்கிக் குடிப்பதற்கான துணைஉணவாகவும் இது அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் பைகளில் விற்பனைக்கு வந்துவிட்டது. அந்தப் பைகளில் பெரும்பாலானவற்றின் மேல் ‘உணவுத் தரம்’ என்ற முத்திரை இருக்கும். வாங்குபவருக்குத் துணிவு தருவது அந்த முத்திரைதான் என்பதால், அது எதற்குச் சான்று, எதற்குச் சான்றில்லை என்பதை முதலில் விளங்கிக்கொள்வது அவசியம்.

சிலிக்கா இரு வடிவங்களில் உள்ளது. அணுக்கள் ஒழுங்கான அடுக்குகளாக அமைந்தது படிகச் சிலிக்கா. அத்தகைய ஒழுங்கு இல்லாதது படிகமற்ற சிலிக்கா. டயட்டம் ஓடு இயல்பில் படிகமற்றது. ஆனால், நீச்சல்குள வடிகட்டிகளுக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் இந்த மண்ணைக் கடும் வெப்பத்தில் சுடும்போது, அதன் கணிசமான பகுதி கிறிஸ்டோபலைட் என்னும் படிகச் சிலிக்காவாக மாறிவிடுகிறது. நுரையீரலுக்குப் பெருங்கேடு செய்வது இந்த வடிவமே. ‘உணவுத் தரம்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் சுடப்படாத மண். அதில் படிகச் சிலிக்கா மிகக் குறைவாகவே இருக்கும், ஆயினும் முற்றிலும் இல்லாமல் போவதில்லை. நீச்சல்குளத்துக்கென விற்கப்படும் மாவை எக்காரணம் கொண்டும் உட்கொள்ளக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உலோகக் கலப்புகளின் செய்தி இதைவிடக் கவனத்துக்குரியது. உலக சுகாதார நிறுவனமும் உணவு, வேளாண்மை அமைப்பும் இணைந்து நடத்தும் உணவுச் சேர்க்கைப் பொருள் நிபுணர் குழு, டயட்டம் மண்ணை உணவு வடிகட்டும் பொருளாகவே வரையறுத்து, ஒரு கிலோவில் ஈயமும் ஆர்செனிக்கும் தலா 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பிட்டுள்ளது. வடிகட்டியபின் மண் பின்தங்கிவிடும், திரவம் மட்டுமே வயிற்றுக்குள் போகும் என்ற நிலையில் இந்த வரம்பு போதுமானதாக இருக்கலாம். அதே மண்ணை ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராம் விழுங்கினால், வரம்புக்கு உட்பட்ட மாவிலேயே 50 மைக்ரோகிராம் வரை ஈயம் வயிற்றுக்குள் போக முடியும்; குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு உணவின் வழியே நாளொன்றுக்கு 8.8 மைக்ரோகிராம் என்பதையே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்பீட்டு அளவாக வைத்திருக்கிறது. மண்ணிலுள்ள ஈயம் முழுவதும் இரத்தத்தில் கலந்துவிடாது என்பதும், பல நிறுவனங்களின் மாவில் ஈயம் வரம்புக்கு மிகக் கீழேயே இருக்கலாம் என்பதும் உண்மைதான். எனினும், முத்திரை உறுதி செய்வது உணவைத் தொடுவதற்கான தகுதியை மட்டுமே. நாள்தோறும் கரண்டியால் அள்ளி விழுங்குவதற்கான தகுதியை அது உறுதி செய்வதில்லை.

விழுங்கப்பட்ட மாவின் பெரும்பகுதி செரிக்காமலும் உறிஞ்சப்படாமலும் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. ஆகவே கடுமையான நஞ்சுக்குரிய விளைவுகளை இது உடனடியாக உண்டாக்குவதில்லை. போதிய தண்ணீர் குடிக்காதவர்களுக்கு மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும், சிலருக்குத் தொண்டை உறுத்தலும் ஏற்படலாம். உறிஞ்சும் தன்மை கொண்ட பொருள் என்பதால், தைராய்டு மாத்திரை போல அளவு பிசகக் கூடாத மருந்துகளுடன் சேர்த்து எடுப்பது விவேகமன்று. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நினைவில் கொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு: மெக்னீசியம் டிரைசிலிக்கேட் கலந்த அமிலமுறிவு மாத்திரைகளை நெடுங்காலம் மிகுதியாக உட்கொண்ட சிலருக்குச் சிலிக்காவால் ஆன சிறுநீரகக் கற்கள் உருவானது மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளது. அது அரிதான விளைவு, பொருளும் வேறு. ஆயினும் உடலில் கரைந்து சேரும் சிலிக்காவை வெளியேற்றும் பொறுப்பு சிறுநீரகத்துடையது என்பதை அது காட்டுகிறது. கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் ஆகியோருக்கு இது பாதுகாப்பானது என்று சொல்வதற்கு ஆய்வு ஆதாரம் இல்லாததால், அவர்கள் இதைத் தவிர்த்துவிடுவதே முறை.

உண்மையான ஆபத்து வயிற்றைவிட மூச்சுக்குழாய்க்கே அதிகம். பையைப் பிரித்துக் கரண்டியை விட்டதுமே மெல்லிய வெண்புகை போல மாவு மேலெழும். தண்ணீரில் இட்டால் அது கரைவதில்லை, கலக்கும்வரை மிதந்து, கலக்கியபின் அடியில் படியும். படிவதற்குள் குடித்துவிட வேண்டும் என்று அவசரமாகக் கிளறும்போது முகத்துக்கு நேரே தூசி பறக்கும். இத்தூசியின் மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் காற்றறைகள் வரை இறங்கவல்லவை. அங்கே காவல் புரியும் விழுங்கணுக்கள் துகளை விழுங்குகின்றன. துகள் படிகச் சிலிக்காவாக இருப்பின் அதைச் செரிக்க முடியாமல் அந்த அணுக்களே சிதைந்து, அழற்சி மூண்டு, அது மீண்டும் மீண்டும் நிகழும்போது நுரையீரல் திசு தழும்பேறி இறுகுகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய்க்குத் தழும்பை நீக்கும் மருந்து இல்லை. தொழிலிடங்களில் மூச்சோடு உட்செல்லும் படிகச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வகைப்படுத்தியது. கலிஃபோர்னியாவின் லோம்போக் பகுதியில் டயட்டம் மண் வெட்டி, சுட்டு, அரைத்த 2,500-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பற்றி 1993-இல் வெளியான ஆய்வு, நுரையீரல் புற்றுநோயாலும் பிற நுரையீரல் நோய்களாலும் அவர்களிடையே இறப்பு கூடியிருந்ததைக் காட்டியது.

வீட்டில் ஒரு கரண்டி கலக்குபவரையும் சுரங்கத் தொழிலாளியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. படிகமற்ற சிலிக்காவை அதே முகமை வகைப்படுத்த இயலாதவற்றின் வரிசையில்தான் வைத்தது. அது நுரையீரலிலிருந்து ஒப்பீட்டளவில் விரைவாக வெளியேறுகிறது. ஆயினும் அதன் தூசி மூக்கையும் கண்ணையும் எரிச்சலூட்டி இருமலைத் தூண்டும். ஆஸ்துமாவோ நாள்பட்ட நுரையீரல் அடைப்போ உள்ளவருக்கு அந்தத் தூண்டல் மூச்சுத்திணறலில் முடியலாம்.

இத்தனையையும் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குப் பயன் உண்டா என்று பார்த்தால், கிடைக்கும் சான்று மிகச் சிறியது. கொலஸ்ட்ரால் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 1998-இல் வெளியானது. 19 பேருக்கு நாள்தோறும் மூன்று வேளை 250 மில்லிகிராம் வீதம் எட்டு வாரங்கள் கொடுத்ததில் மொத்தக் கொலஸ்ட்ரால் ஏறத்தாழ 13 விழுக்காடு குறைந்தது. ஆனால் அதில் போலி மருந்து பெற்ற ஒப்பீட்டுக் குழு இல்லை; ஆய்வில் சேர்ந்ததாலேயே ஒருவர் உணவைத் திருத்திக்கொண்டாரா என்பதை அறிய வழியில்லை. விளம்பரங்கள் சொல்லும் ஒரு மேசைக்கரண்டி மாவு, அந்த ஆய்வில் கொடுக்கப்பட்ட அளவைப் போலப் பல மடங்கு. முடிக்கும் நகத்துக்கும் நல்லது என்பதற்குக் காட்டப்படும் ஆய்வுகள் உடலால் உறிஞ்சக்கூடிய ஆர்த்தோசிலிசிக் அமிலத்தைக் கொண்டு நடந்தவை. அது வேறு பொருள்.

குடற்புழுக் கதை இவற்றில் மிகவும் வலுவற்றது. இந்த மாவு பூச்சியைக் கொல்வது, அதன் மேற்தோலிலுள்ள மெழுகை உறிஞ்சியும் உராய்ந்தும் அகற்றி, உடல்நீர் வற்றிப்போகச் செய்வதால்தான். அதற்குச் சுற்றுப்புறம் உலர்ந்திருக்க வேண்டும். தானியத்தில் ஈரம் கூடினாலே இதன் வீரியம் குறைந்துவிடும். எந்நேரமும் நீர்மம் நிறைந்த மனிதக் குடலில், அந்த நீர்மத்திலேயே மூழ்கி வாழும் புழுவை உலர்த்திக் கொல்வது நடவாத காரியம். அல்பெண்டசோல் மாத்திரையின் ஒரே வேளை உருண்டைப்புழுவை அகற்றும் வலிமை கொண்டது; இந்தியாவில் 2015 முதல் நடைபெறும் தேசிய குடற்புழு நீக்க நாளில் அது 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இலவசமாகவே வழங்கப்படுகிறது. இப்படி ஒரு மருந்து கையெட்டும் தூரத்தில் இருக்க, மாதக்கணக்கில் மண்ணைக் குடித்துச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது வருந்தத்தக்கது.

விற்பனைக்கு வந்துவிட்டதாலேயே ஒரு பொருள் சோதிக்கப்பட்டது என்று எண்ணுவதும் தவறு. அமெரிக்காவின் 1994-ஆம் ஆண்டுத் துணைஉணவுச் சட்டப்படி, உற்பத்தியாளர் தம் பொருளின் பயனைச் சந்தைக்கு வரும் முன்னர் அரசிடம் மெய்ப்பித்து ஒப்புதல் பெற வேண்டியதில்லை. ஏற்கெனவே இதைக் குடித்து வருபவர்கள் தம் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இருமல் நீடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, மலச்சிக்கல் கடுமையானாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். பூச்சிக்காக வீட்டில் தூவுபவர்கள் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, குழந்தைகள் இல்லாத நேரத்தில் மெல்லிய படலமாகத் தூவுவதும், மிஞ்சியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதும் நல்லது.