டயரைக் கடிக்கும் செயின்! என்ஜின் சைக்கிள்காரர்களே, உஷார்!

சைக்கிளில் என்ஜின் மாட்டி 'டுர்ர்'ரென்று பறக்கிறவர்களுக்குப் பெரிய தலைவலி எது தெரியுமா? பெட்ரோல் விலை அல்ல. செயின்தான்!

இந்த 'கிட்'டில் என்ஜின் செயின் இடது பக்கம் ஓடுகிறது. போக்ஸ் கம்பிகளுக்கு இரு பக்கமும் ரப்பர் வட்டு வைத்து, 44 பல் சக்கரத்தை 9 போல்டு போட்டு முடுக்குகிறார்கள். டயர் கொஞ்சம் அகலமாக இருந்தால் போச்சு! கரகரவென்று செயின் உரசும். ரப்பர் சீவுண்டு போகும்.

உடனே ஆசாமி என்ன செய்கிறார்? செயினை இழுத்துப் பிடிக்கும் உருளையை நெம்பித் தள்ளிவிட்டு, "சரியாப் போச்சு" என்று கிளம்பி விடுகிறார்.

சக்கரம் பூட்டிக்கொள்ளும்!

அங்கேதான் ஆபத்து. ஓடும்போது உருளையின் பிடி திரும்பி போக்ஸ் கம்பிக்குள் புகுந்தால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஆள் ரோட்டில்!

முதல் வேலை, சக்கரத்தில் பெண்டு எடுப்பது. அடுத்து, சக்கரம் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது. பல் சக்கரம் தட்டுப் போலக் குழிந்திருக்கும். உள்வாங்கி மாட்டியிருந்தால் திருப்பிப் போட்டாலே செயின் வெளியே தள்ளி வரும். பிரேமில் இடிக்கக் கூடாது. என்ஜின் பல் சக்கரமும் பின்னாலுள்ளதும் நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் இருக்கணும். இதெல்லாம் ஒத்து வராவிட்டால் ஒடுக்கமான டயர்தான் வழி. செலவைப் பார்த்தால் பல் போகும்!

செயினில் அரை அங்குலம் தொய்வு விட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் பத்துச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சமாச்சாரம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, என்ஜின் 25 சி.சி.யைத் தாண்டினால் அது மோட்டார் வண்டி. பதிவு, லைசென்ஸ் எல்லாம் உண்டு. '80 சி.சி.' என்று விற்கும் கிட் உண்மையில் சுமார் 66 சி.சி.தான். அதுவும் சட்டத்துக்குள் மாட்டும்!