கூடுதல் வகுப்பறைகள்: விரைவும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும்

மாணவர் சேர்க்கை கூடினால் பள்ளி வளாகத்திலேயே புதிய வகுப்பறைகள் தேவைப்படுகின்றன. திருவாண்டார்கோயில் போன்ற ஊர்களின் பள்ளிகளுக்கு மாடுலர் வகுப்பறைகள் ஒரு நல்ல வழி. இரும்புச் சட்டங்களும் சுவர்ப் பலகைகளும் தொழிற்சாலையிலேயே தயாராகி வரும். அஸ்திவாரம் போட்டு, போல்ட் முடுக்கிப் பொருத்த வேண்டியதுதான். கோடை விடுமுறைக்குள் வேலையை முடிக்கலாம். தேவைப்பட்டால் கழற்றி வேறிடத்தில் வைக்கலாம்.

ஆனால் அவசரம் ஆபத்தில் முடியக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகளை இழந்தோம். தீப்பற்றியது கீற்றுக் கூரை. தப்பிக்கும் வழியோ குறுகல். எனவே மூன்று விஷயங்களை நாம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பலகையின் உட்பொருள். தெர்மோகோல் எளிதில் தீப்பிடித்து நச்சுப் புகையைக் கக்கும். ராக்வூல் எரியாது, வெயிலின் சூட்டையும் குறைக்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு அறைக்கும் வெளிப்பக்கமாகத் திறக்கும் இரண்டு கதவுகள்.

மூன்றாவது, காற்றைத் தாங்கும் பிடிமானம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த பகுதி இது. சட்டங்களைக் கான்கிரீட் அஸ்திவாரத்தோடு இறுக்கிப் பிணைக்க வேண்டும்.

விலை குறைவு என்று சம்மதிக்கும் முன், இம்மூன்றையும் ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவோம். பிள்ளைகள் பெற்றோர் நம்பி ஒப்படைத்த அமானிதம் அல்லவா!