உஷார்! அலமாரியில் இருக்கவேண்டிய பிலே கருவி பாறைக்கு வரக்கூடாது

பாறையேற்றத்தில் பயன்பட்ட பழைய பிலே கருவிகளைத் தேடிப்பிடித்துச் சேர்க்கிறீர்களா? தாராளமாகச் சேருங்கள். ஆனால், ‘எது நன்றாகப் பிடிக்கிறது, பார்த்துவிடலாம்’ என்று அவற்றை மலையடிவாரத்துக்கு எடுத்துப்போய், மேலே ஒரு ஆளை ஏற்றிவிட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். ஏறுகிறவர் கால் வழுக்கினால் கீழே நிற்பவர் இந்தக் கருவியால் கயிற்றை இறுக்கி அவரைத் தாங்க வேண்டும். சோதனை தோற்றால் விழப்போவது அவர்தான்.

பலரும் ஆசையாக வாங்குவது ஸ்டிச்ட் பிளேட். ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஸ்டிச்ட் உருவாக்கி, சலேவா நிறுவனம் விற்ற அலுமினியத் தகடு அது. கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு விழுபவரைத் தாங்கிய காலத்தில் பெரிய முன்னேற்றம்தான். அதன் பெரிய துளை அன்றைய 11 மி.மீ. கயிற்றுக்கானது. இன்று பலர் ஏறுவது 9.5 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய, வழவழப்பான கயிற்றில். அகலத் துளையில் மெல்லிய கயிறு போதிய அளவு மடங்காது, உராய்வு குறையும். விழுகிறவரின் எடை ஒரே இழுப்பில் வரும்போது கயிறு உள்ளங்கையைப் பொசுக்கிக்கொண்டு ஓடும். அந்த எரிச்சலில் கை தானாக விட்டுவிடும்.

கருவி பளபளப்பாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். துளையின் உள்விளிம்பில் விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். மண் படிந்த கயிறு வருடக்கணக்கில் அறுத்த இடத்தில் பள்ளம் விழுந்து, ஓரம் கத்திபோல நிற்கும். புதுக் கயிற்றின் உறையைக் கிழிக்க அந்த ஓரம் போதும். கருவியை இடுப்புப் பட்டையோடு இணைக்கும் காரபைனர் கொக்கியின் வளைவையும் இப்படியே தடவிப் பார்க்க வேண்டும்.

கயிற்றைத் தானே கவ்விப் பிடிக்கும் கிரிகிரி என்ற பிலே கருவி விஷயத்தில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். பெட்ஸல் நிறுவனம் 1991-இல் கொண்டுவந்த முதல் கிரிகிரி பருமனான கயிறுகளுக்காகச் செய்யப்பட்டது. 2011-இல் வந்த கிரிகிரி 2 மெல்லிய கயிறுகளையும் ஏற்கும். தெரியாதவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இந்தக் குழப்பம் ஆபத்தானது. அதோடு, கிரிகிரி 2-இன் தொடக்கத் தயாரிப்புகளை நிறுவனமே 2011-இல் திரும்பப் பெற்றது. கைப்பிடியை முழுக்க இழுத்த நிலையில் அளவுக்கு மீறி அழுத்தினால் உள்பாகம் சேதமாகி, கைப்பிடி திறந்தபடியே சிக்கிக்கொள்ளலாம் என்பதுதான் காரணம். வரிசை எண்ணின் முதல் ஐந்து இலக்கங்கள் 10326-க்கும் 11136-க்கும் இடையில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது.

இன்னொன்று: கிரிகிரியில் கயிற்றின் எந்த முனை ஏறுகிறவரிடம் போக வேண்டும், எது கையில் இருக்க வேண்டும் என்று தகட்டிலேயே படம் பொறித்திருப்பார்கள். தேய்ந்துபோன பழைய கருவியில் அது மங்கியிருக்கும். தலைகீழாகக் கயிறு போட்டால் உள்ளேயுள்ள கேம் என்ற சுழலும் பாகம் கயிற்றைக் கவ்வாது.

ஒப்பிட்டே ஆக வேண்டுமா? சமதரையில் செய்யுங்கள். கருவியை மரத்தில் அசையாமல் கட்டி, ஒரே கயிற்றை ஒவ்வொன்றிலும் கோத்து, ஒருவர் இழுக்க இன்னொருவர் பிடிக்கட்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எது எவ்வளவு கவ்வுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சேகரிப்பில் உள்ள ஒவ்வொன்றிலும் ‘காட்சிக்கு மட்டும்’ என்று அட்டை கட்டுங்கள், ஏறும் பையில் கலக்கவே விடாதீர்கள். அவசரத்தில் நண்பர் கையை விட்டு எடுப்பது அந்தப் பையில்தான். விற்றாலும் பரிசாகக் கொடுத்தாலும் அட்டையைக் கழற்றாமல், ஏன் கட்டியிருக்கிறது என்பதையும் சொல்லியே கொடுங்கள்.