சொந்தச் சம்பளம், சொந்தச் சாவி

ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் பொழுது புலரும் முன்பே பரபரப்பு தொடங்கிவிடும். அந்த நேரத்தில் சாலையோரத்தில் இன்னொரு கூட்டமும் நிற்கும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, இன்னும் முழுதாக விலகாத தூக்கம். பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்து, 'ஏ ஷிப்ட்' போகும் பெண்கள். கம்பெனி பஸ் வந்ததும் ஏறி, ஜன்னலில் தலைசாய்த்து, விட்ட தூக்கத்தைத் தொடர்வார்கள். உத்தனப்பள்ளி வழியாக ஓசூர் சுமார் 30 கிலோமீட்டர்.

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களில் பெரும் கூட்டம் ஒன்று ஓசூரைச் சுற்றிய இந்தக் கர்நாடக எல்லைப்புறத்தில் சேர்ந்துகொண்டிருக்கிறது. கைப்பேசி பாகங்கள் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் பெரும்பாலோர் பெண்கள். ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளின் பழங்குடிப் பெண்கள் ஆறாயிரம் பேர் ஓசூர் ஆலைக்குப் பயிற்சி பெறுவதாக 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிவித்தார். போச்சம்பள்ளி ஓலா ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021-ல் அந்த நிறுவனம் சொன்னது. அசோக் லேலண்டின் ஓசூர் ஆலையிலும் பெண்கள் மட்டுமே இயக்கும் உற்பத்தி வரிசை வந்துவிட்டது.

இது முதல் அலை அல்ல. தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் கைக்கடிகார ஆலை அமைத்தபோது, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த பிள்ளைகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தது. வீட்டை விட்டு முதன்முதலாக வெளியே வந்தவர்கள் அவர்கள். வாடகை வீடுகளில் தங்கவைத்து, பார்த்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோரையும் நிறுவனமே ஏற்பாடு செய்தது. எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடலாம், எந்தச் செருப்பு காலைக் கடிக்கும், சம்பளத்தில் எவ்வளவு ஊருக்கு அனுப்பலாம் என்று கேட்டுக்கொள்ள ஓர் ஆள் இருந்தார்.

இன்று வருகிற பெண்ணுக்கு விடுதிக் கட்டில் கிடைக்கிறது. அப்படிச் சொல்லித்தர ஓர் ஆள் கிடைப்பது அரிது. அந்த இடத்தில் ஓர் அக்கா இருந்தால் என்னென்ன சொல்வாரோ, அவையே கீழே.

கையெழுத்துக்கு முன்

வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் பேச்சையே நிறுத்திவிடலாம். அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், சரிபார்த்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுத்துவைக்க நகல் போதும். எல்லாத் தொழிலாளர்களுக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். அதைக் கேட்டு வாங்கி, அன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அதில் முதலில் பார்க்க வேண்டியது சம்பளத் தொகை அல்ல, எந்த வகையில் சேர்க்கிறார்கள் என்பது. நிரந்தரமா, கான்ட்ராக்டா, அப்ரண்டிஸா? அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் சேருகிறவருக்குக் கிடைப்பது உதவித்தொகை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் அவருக்குப் பொருந்தாது. கான்ட்ராக்ட் என்றால் சம்பளம் தருவது யார், ஆலையா ஒப்பந்ததாரரா என்று பெயரோடு தெரிந்திருக்க வேண்டும். பின்னாளில் பி.எஃப். பணத்தைத் தேடும்போது அந்தப் பெயர்தான் உதவும்.

உடுப்பு

ஓசூர் வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். சேலத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வருகிற பெண் பெட்டியில் ஸ்வெட்டர் வைத்திருக்கமாட்டார். மார்கழி அதிகாலையில் பஸ்ஸுக்கு நின்ற முதல் நாளே சளி பிடிக்கும். ஆகவே முதல் மாதச் செலவுப் பட்டியலில் முதல் வரி ஒரு நல்ல ஸ்வெட்டரும் காதை மூடும் ஸ்கார்ஃபும்.

அடுத்தது துணி. எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் பாலியஸ்டர், நைலான் உடுப்புகளை ஏன் விரும்புவதில்லை என்பதற்கு அறிவியல் காரணம் உண்டு. உரசும்போது அவற்றில் நிலைமின்சாரம் சேரும். நம் விரலில் சுள்ளென்று உறைக்க அது மூவாயிரம் வோல்ட் அளவுக்காவது சேர வேண்டும். நூறு வோல்ட்டுக்கும் கீழே கெட்டுப்போகும் நுண்பாகங்கள் உண்டு. நாம் உணராமலே ஒரு பாகத்தைக் கெடுத்துவிட முடியும் என்பதால்தான் கோட்டும், மணிக்கட்டுப் பட்டையும், தனிக் காலணியும் தருகிறார்கள். உள்ளே பருத்தி போடுவது வேலைக்கும் நல்லது, எட்டு மணி நேரம் மூடிய கோட்டுக்குள் இருக்கும் தோலுக்கும் நல்லது.

அதற்காக அலமாரி நிறையத் துணி வேண்டியதில்லை. நான்கு பருத்திக் குர்த்தி, கறுப்பு, கருநீலம், மெரூன் என்று மூன்று அடர்நிறக் கால்சட்டை இருந்தால், மாற்றி மாற்றி உடுத்த பன்னிரண்டு ஜோடி ஆகும். குர்த்திகளின் நிறம் மூன்றுக்கும் பொருந்துகிறதா என்று கடையிலேயே வைத்துப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். அடர்நிறக் கால்சட்டைக்கு இன்னொரு வசதி, மாதவிடாய் நாளில் பயமில்லை. இவற்றோடு நேர்காணலுக்கும் அலுவலக நாளுக்கும் இஸ்திரி போட்ட ஒரு சுடிதார் செட், விசேஷங்களுக்கு அம்மாவின் புடவை ஒன்று. முதல் வருடம் இதுவே தாராளம்.

துப்பட்டா அழகுதான். ஆனால் ஓடும் இயந்திரத்தின் அருகிலும், இருசக்கர வாகனத்தின் பின்சீட்டிலும் அது உயிருக்கு ஆபத்து. வண்டியில் ஏறும் முன் முடிந்து கட்டிக்கொள்ளவோ பையில் வைத்துவிடவோ வேண்டும். வளையல், மோதிரம், தொங்கும் கம்மல் இவற்றையும் பல ஆலைகளில் வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். தினமும் கழற்றினால் ஒருநாள் தொலையும். தங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வருவதே பாதுகாப்பு.

தலைமுடிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. காலையில் தலைக்குக் குளித்து ஈரத்தோடு கொண்டை போட்டு, மேலே தொப்பியும் போட்டால், எட்டு மணி நேரம் ஈரம் உள்ளேயே இருக்கும். அரிப்பும் பொடுகும் வரும். வார விடுமுறையிலோ ஷிப்ட் முடிந்து வந்த பிறகோ தலைக்குக் குளித்து, உலர்த்திப் பின்னிக்கொள்வது மேல்.

எல்லாவற்றையும்விட அதிகமாகச் செலவிட வேண்டியது காலுக்கு. நின்றே வேலை செய்கிறவருக்குச் சாயங்காலம் பாதம் சற்று வீங்கியிருக்கும். செருப்போ ஷூவோ அந்த நேரத்தில் வாங்கினால்தான் அளவு சரியாக அமையும். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகல இடம் வேண்டும். கம்பெனி தந்த ஷூ கடித்தால் கூச்சப்படாமல் மாற்றிக் கேட்கலாம். துணிக்கடை, நகைக்கடைகளில் வேலைக்குச் சேரும் பெண்களுக்கும் ஒரு செய்தி: நாள் முழுக்க நிற்கவைக்காமல் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத்திருத்தமே கொண்டுவந்தது.

வீடும் விடுதியும்

எல்லைக்கு அப்பால் பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். அந்தக் காற்று ஓசூர்ப் பக்கமும் வீசும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டமோ, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அந்த 'வேறுவிதமாக' என்ற இடத்தில்தான் கவனம் வேண்டும். நான்கு தோழிகள் சேர்ந்து வீடு எடுத்தால், படித்துப் பார்த்து, நான்கு பெயரும் இருக்கும்படி எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். அட்வான்ஸை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாகத் தந்தால் அதுவே ரசீது. ஒருவர் பாதியில் கிளம்பினால் அவர் பங்கு எப்படித் திரும்பும் என்பதையும், நட்பு நன்றாக இருக்கும்போதே பேசிவிடுவது நல்லது.

பெண்கள் விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும் என்கிறது 2014-ம் ஆண்டுத் தமிழ்நாடு விடுதிகள் சட்டம். "லைசென்ஸ் இருக்குங்களா?" என்று கேட்பதில் தவறே இல்லை. கேட்டவுடன் முகம் சுளிக்கிற இடத்தில் தங்காமல் இருப்பதே நல்லது.

உத்தனப்பள்ளி அருகே நாகமங்கலத்தில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியின் குளியலறை ஒன்றில் ரகசியக் கேமரா இருந்தது 2025 நவம்பரில் வெளியே வந்தது. பெண்கள் இரவோடு இரவாகத் திரண்டு போராடிய பிறகு காவல்துறை விசாரித்துத் தொடர்புடையவர்களைக் கைது செய்தது. அந்தப் பெண்கள் செய்ததில் பாடம் இருக்கிறது. கண்டதை ஒருவர் மறைத்துவைக்கவில்லை, ஒருவராகவும் போய் நிற்கவில்லை. அறையில் சந்தேகமான பொருளைக் கண்டால் கழற்றிவிடாமல், இருக்கிற நிலையிலேயே படம் எடுத்து, நான்கு பேரைச் சாட்சியாகக் கூட்டி, காவல்துறையை அழைக்க வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181. படமோ வீடியோவோ காட்டி இணையத்தில் மிரட்டினால் 1930.

பல ஆலைகளில் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். வீட்டு எண்ணும் ஒரு தோழியின் எண்ணும் மனப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும். அடையாள அட்டைக்குப் பின்னாலும் எழுதி வைக்கலாம். அவசர வழி எங்கே என்பதை வேலையின் முதல் நாளே நடந்து பார்த்துவிட வேண்டும். 2024 செப்டம்பர் 28 அதிகாலை டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் பெருந்தீ பிடித்தபோது, உள்ளே இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டதால்தான் உயிர்ச்சேதம் இல்லாமல் போயிற்று.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும் என்பது 2013-ம் ஆண்டுச் சட்டம். புகாருக்குக் காலக்கெடு மூன்று மாதம். குழுவில் யார் யார் என்ற பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும். தேவை வரும் வரை காத்திராமல் படித்து வைத்துக்கொள்ளலாம்.

பணம்

சம்பளச் சீட்டில் இரண்டு வரிகளை மாதாமாதம் பார்க்க வேண்டும். ஒன்று பி.எஃப். அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 12 சதவீதம் பிடிப்பார்கள். முதலாளியும் தன் பங்குக்கு 12 சதவீதம் போடுவார். இன்னொன்று இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் உள்ளவர்களுக்கு இது உண்டு. பிடித்தம் 0.75 சதவீதம்தான். அதற்கு மருத்துவம், நோய்வாய்ப்பட்டு விடுப்பு எடுத்தால் ஊதியத்தில் 70 சதவீதம், பின்னாளில் 26 வாரப் பேறுகால உதவி எல்லாம் கிடைக்கும். தன் வருமானத்தையே நம்பியிருக்கும் பெற்றோரின் பெயரையும் சேர்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கல்யாணம் நிச்சயமானதும் வேலையை விட்டு, பி.எஃப். பணத்தை எடுத்து நகை வாங்குவது இங்கே சாதாரணம். கல்யாணத்துக்காக விலகும் பெண் காத்திருக்காமல் எடுத்துக்கொள்ள விதியும் இடம் தருகிறது. ஆனால் ஓய்வூதியம் பெற பத்து ஆண்டு சேவை வேண்டும். பணத்தை எடுத்தால் அதுவரையான கணக்கு அறுந்துபோகும். கம்பெனி மாறினால் பி.எஃப். கணக்குக்கான அதே யு.ஏ.என். எண்ணுக்கு மாற்றிக்கொண்டு தொடர்வதே லாபம்.

முதல் சம்பளத்தில் ஒரு கிராமாவது தங்கம் வாங்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. வாங்கும் நகையில் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. ஹால்மார்க் முத்திரை இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம், இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு மட்டும் விலக்கு உண்டு. 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் நகையின் விவரம் வரும். சீட்டுக் கட்டுவதானால் பதிவு பெற்ற சீட்டு மட்டும். பக்கத்து அறை அக்கா நடத்துகிறார் என்பது பதிவு ஆகாது. சிறிதாகத் தொடங்க அஞ்சலகத் தொடர் வைப்பு இருக்கிறது. மாதம் நூறு ரூபாயிலும் ஆரம்பிக்கலாம்.

பஸ் செலவிலும் மிச்சம் உண்டு. 2021 மே முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எல்லையில் உள்ள அத்திப்பள்ளி தாண்டினால் கதை வேறு: கர்நாடகத்தின் 'சக்தி' இலவசப் பயணம் அந்த மாநிலப் பெண்களுக்கு மட்டும்.

மிச்சம் பிடிக்கக் கூடாத ஒன்று சாப்பாடு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஷிப்ட் மாறும் உடம்புக்குத் தேநீரும் பிஸ்கட்டும் காலை உணவாகாது. கிருஷ்ணகிரி மண் ராகி விளையும் மண். களியோ கூழோ, கூட ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை போதும். கழிப்பறைக்கு அனுமதி கேட்கத் தயங்கித் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர்த் தொற்று வரும். அனுமதி கேட்க வெட்கமே வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இது பெற்றவர்களுக்கு. மகள் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் அவளுடைய ஏ.டி.எம். கார்டு அப்பாவிடமோ அண்ணனிடமோ இருக்கிற வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. பாசத்தால்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு விடுதியில் காய்ச்சல் வந்தால் ஆட்டோவுக்குக் கொடுக்க அவளிடம் பணம் இருக்காது. வீட்டுக்கு எவ்வளவு அனுப்புவது என்று அவளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பெட்டி கட்டிக்கொடுக்கும் அன்று ஸ்வெட்டரோடு அந்தக் கார்டையும் அவள் கையில் கொடுத்தனுப்புங்கள்.